மகள் படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?

கேள்வி:

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார். மகள் கோலாலம்பூரில் இரண்டு வருடம் சட்டம் படித்துவிட்டு, கடைசி வருடத்துக்காகச் செப்டம்பரில் இங்கிலாந்தில் உள்ள ஷெஃபீல்டுக்குப் போயிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் பிள்ளை அவள். கட்டணத்தில் ஒரு பங்கு உதவித்தொகை, ஒரு பங்கு கல்விக் கடன். மீதிக்கு என் சேமநிதியில் இருந்து எடுத்தோம், நகையும் அடகில் இருக்கிறது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த மகன் மாதாமாதம் அனுப்புகிறான்.

போன வாரம் கோயிலில் என் நாத்தனார் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். வாரா வாரம் ஓர் ஊர். யார்க், மான்செஸ்டர், லிவர்பூல், ஏதோ ஒரு மலை. கூட்டத்தில் ஆண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு பாரிஸ் போகிறாளாம், அதுவும் நாத்தனார் சொல்லித்தான் தெரியும். எங்களிடம் பேசும்போதெல்லாம் "லைப்ரரில இருக்கேன்மா" என்பாள். "அண்ணனைக் காசு அனுப்ப வேண்டாம்னு சொல்லு" என்று வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார். மகளைக் கோலாலம்பூரில் விடுதியில் சேர்க்கவும், அப்புறம் விமானம் ஏற்றவும் போனதுதான் நான் ஈப்போவைத் தாண்டிய பயணம். அவள் போவது தப்பா, அதைப் பார்த்து எனக்கு வலிப்பது தப்பா என்று தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மகன் அனுப்பும் காசை நிறுத்த வேண்டாம். முதல் வேலையாக இதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மாதக் காசு நின்றால் அங்கே முதலில் அடிபடுவது வாடகையும் சாப்பாடும்தான். அந்தக் கவலையில் படிப்பும் கெடும். வீட்டில் கோபத்தில் எடுத்த இந்த ஒரு முடிவால் கடைசி வருடத்தைக் கோட்டை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் காட்ட வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆலோசனை சொல்வது 20 வருடத்துக்கும் மேலாக என் தொழில். நானும் கோலாகங்சார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். அதனால் நீங்கள் எழுதாமல் விட்டதும் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மழை வந்தால் அன்றைய பால் போச்சே என்று வானத்தைப் பார்க்கிற ஒரு தாய்க்கு, மகள் ஏதோ ஒரு கோட்டை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தால் பெருமையும் வரும், நெஞ்சில் ஒரு குத்தலும் வரும். உங்களுக்கு வலிப்பதில் தப்பே இல்லை.

அங்கே சனி, ஞாயிறு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். படத்தில் அது தெரியாது.

வகுப்புகள் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும்தான். சட்டப் படிப்பில் வகுப்பில் உட்காரும் நேரம் குறைவு, தனியாக உட்கார்ந்து வாசிக்கும் நேரம்தான் அதிகம். "இன்னிக்கு வகுப்பு இல்லையா?" என்று நீங்கள் கேட்டு அவள் "இல்லம்மா" என்றால், அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். வெள்ளி சாயங்காலம் ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் 6 மணி நேரத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று அங்கே 1994-இல் இருந்தே சட்டம் இருக்கிறது. டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே ஹீட்டர் சத்தம். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அமைதி பழக்கமே இல்லை. நம் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினாலும் கேட்கும், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் மூக்குக்குத் தெரியும். அங்கே இரண்டு நாள் முழுக்க ஒரு மனிதக் குரல்கூடக் கேட்காமல் இருக்கலாம்.

இத்தனை வருடத்தில் நான் பயந்து, திரும்பத் திரும்பப் போன் போட்டுப் பேசியதெல்லாம் அறையை விட்டு வெளியே வராத பிள்ளைகளிடம்தான். நாலு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார்கள், வீட்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து முறை பேசுவார்கள். அப்புறம் வகுப்புக்குப் போவதும் நின்றுவிடும். உங்கள் மகளுக்கு வாரக் கடைசியில் கூடப் போக நாலு பேர் இருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

சரி, காசுக்கு வருவோம்.

நாத்தனார் காட்டிய ஊர்ப் பெயர்களெல்லாம் உங்கள் காதில் வேறு வேறு தேசம் மாதிரி விழுந்திருக்கும். ஷெஃபீல்டில் இருந்து யார்க்குக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். மான்செஸ்டரும் அப்படித்தான். லிவர்பூல் இரண்டு மணி நேரத்துக்குள். நாம் தைப்பிங் ஏரிக்கோ லுமுட் கடற்கரைக்கோ போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பி வருகிற கணக்கு. காலையில் போய் இரவில் திரும்பினால் தங்கும் செலவு கிடையாது. 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு ரயில் அட்டை இருக்கிறது, அதை வாங்கினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். சில வாரம் முன்னாலேயே பதிவு செய்தால் இன்னும் குறையும். யார்க் நகரத்துக் கோட்டைச் சுவர் மேல் நடக்கக் காசு இல்லை. அங்கே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. மான்செஸ்டரில் உழைக்கும் மக்களின் வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம். பால் வெட்டுகிற ஓர் அம்மாவின் மகள், அதுவும் சட்டம் படிக்கிறவள், அதைப் பார்க்காமல் வந்தால்தான் நான் வருத்தப்படுவேன்.

அந்த "ஏதோ ஒரு மலை"யைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். படத்தில் உள்ள மலை எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஷெஃபீல்டு மாணவர்கள் மலைக்குப் போனேன் என்றால் பெரும்பாலும் அது பீக் டிஸ்ட்ரிக்ட். அந்த ஊரின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. டவுன் பஸ் ஏறினாலே போய்விடலாம். 2025 தொடக்கத்தில் இருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. போக வர 6 பவுண்டு. ஒரு பவுண்டைத் தோராயமாக ஐந்தரை வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 33 வெள்ளி. அது நமக்குச் சின்னக் காசு இல்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால், உங்கள் அரை நாள் வேலை. ஆனால் அங்கே 6 பவுண்டுக்கு ஒரு வேளை கடைச் சாப்பாடு கிடைப்பதே பெரும்பாலும் கஷ்டம். பையில் சோறும் முட்டை சம்பலும் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற பிள்ளை, அறையில் சலித்துப்போய்க் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளையைவிடக் குறைவாகத்தான் செலவு செய்கிறது.

அந்த மலைகளில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒன்று இருக்கிறது. உயரம் 636 மீட்டர்தான், நம் கேமரன் மலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஒரு காலத்தில் அந்த மேடுகளெல்லாம் பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக வைத்திருந்த நிலம். மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் வாரம் முழுக்க ஆலையில் வேலை செய்தவர்களுக்கு ஒரே நாள்தான் லீவு. அந்த ஒரு நாள் புகை இல்லாத காற்றில் நடக்கலாம் என்று போனால் காவலாட்கள் விரட்டுவார்கள். 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி அந்த மலையில் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 1949-இல் தேசியப் பூங்காக்களுக்குச் சட்டம் வந்தது. 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்த பீக் டிஸ்ட்ரிக்ட்தான். துரை பங்களா ரோட்டில் பிள்ளைகள் நடந்தால் கங்காணி அதட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் மகள் நடந்த பாதை, நம்மைப் போன்ற கூலி ஆட்கள் தங்களுடைய ஞாயிற்றுக்கிழமைக்காகச் சண்டை போட்டு வாங்கியது. அவளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சட்டம் படிக்கிறவள், உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லுவாள்.

இந்தச் செலவெல்லாம் யார் காசு என்பது அடுத்த கேள்வி. ஒருவேளை அவள் பகுதிநேர வேலை செய்கிறாளோ என்னவோ, நீங்கள் எழுதவில்லை. பட்டப்படிப்பு விசாவில் உள்ளவர்கள் படிப்பு நடக்கும் வாரங்களில் 20 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. 21 வயது ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. வாரத்தில் நாலு மணி நேரம் ஒரு கடையில் நின்றால்கூட 48 பவுண்டுக்கு மேல் கையில் நிற்கும். ஒரு நாள் யார்க் போய் வர அது தாராளமாகப் போதும். அவள் வேலை செய்கிறாள் என்று தெரிந்தால், "அப்போ அண்ணன் காசு எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசி வருடத்தில் 20 மணி நேரத்தையும் வேலைக்கே கொடுத்தால் வாசிக்க நேரம் இருக்காது. 20-ஐத் தாண்டினால் விசாவுக்கே ஆபத்து. வாரத்துக்கு எட்டு மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்வது என் வழக்கம்.

எத்தனை ஊருக்குப் போனாள் என்பதை நான் எண்ணுவதே இல்லை. நான் கேட்பது இரண்டே நாள் விஷயம்: வெள்ளி மதிய வகுப்புக்கு இருந்தாளா, திங்கள் காலை வகுப்புக்குப் போனாளா? வாரக் கடைசிப் பயணம் படிப்பைத் தின்ன ஆரம்பித்தால் அது இந்த இரண்டு ஓரத்தில்தான் முதலில் தெரியும். அங்கே பல்கலைக்கழகம்தான் விசாவுக்குப் பொறுப்பாளர். மாணவர் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாரா என்று அது கவனிக்க வேண்டும், தொடர்ந்து வராவிட்டால் குடிநுழைவுத் துறைக்குச் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒரு தேர்வுக் காலம், மே மாதவாக்கில் இன்னொன்று. அக்டோபர், நவம்பரில் வாரா வாரம் வெளியே போனதில் எனக்குக் குறை இல்லை. டிசம்பர் நடுவில் இருந்து ஜனவரி தேர்வு முடியும் வரை பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட வேண்டும். படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும், வழக்கறிஞர் ஆவதற்கான சி.எல்.பி. தேர்வும் காத்திருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று சில பெற்றோர் நினைப்பார்கள். கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். 18 வயது தாண்டிய மாணவரின் மதிப்பெண்ணையோ வருகையையோ அவருடைய சம்மதம் இல்லாமல் தாய் தகப்பனுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். அப்படியானால் உங்களுக்குத் தகவல் வர ஒரே வழி உங்கள் மகளின் வாய்தான். அதில்தான் இப்போது அடைப்பு விழுந்திருக்கிறது.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அந்த "லைப்ரரில இருக்கேன்மா". அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. அம்மா சேமநிதியை எடுத்தது, நகை அடகில் இருப்பது, அண்ணன் சிங்கப்பூரில் உழைத்து மாதாமாதம் அனுப்புவது, எல்லாம் அவளுக்குத் தெரியும். மலை உச்சியில் நின்றுகொண்டு, "இங்க ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நீங்கள் வருத்தப்படக் கூடாது என்று சொன்ன பொய் அது. இருந்தாலும் பொய்தான், கண்டிக்கத்தான் வேண்டும். காரணம் மரியாதை மட்டும் இல்லை. பனி மூடிய மலையில் கால் பிசகி விழுந்தால், அம்மா அவளை லைப்ரரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். யாரும் தேட மாட்டார்கள்.

நானும் ஒரு காலத்தில் அந்தப் பிள்ளையாகத்தான் இருந்தேன். 1991-இல் இருந்து 1994 வரை நியூகாசலில் படித்தேன். என் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. ஒவ்வொரு பவுண்டும் அவர் மரத்தில் இருந்து மங்கில் விழுந்த சொட்டு என்று நினைத்துக்கொண்டு, மூன்று வருடம் அந்த ஊரை விட்டு நான் எங்கேயும் போகவில்லை. கூடப் படித்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள். அப்பாவுக்குச் செய்யும் நன்றி இதுதான் என்று உறுதியாக நம்பினேன்.

படிப்பு முடிந்து சுபாங் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். தோட்டத்தில் யாருடைய வேனையோ இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார் அப்பா. வேனில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கியூ தோட்டம்னு ஒண்ணு இருக்காமே, நம்ம பால்மரத்துக் கன்னெல்லாம் அங்கதான் முளைச்சுதாம், கிராணி சொன்னாரு. போய்ப் பாத்தியாம்மா?"

அவருக்கு அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. கோலாகங்சாரில் நிலவள அலுவலகத்துக்குப் பக்கத்தில் பலகை வைத்து ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறதே, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1876-இல் பிரேசிலில் இருந்து ஒரு வெள்ளைக்காரர் சுமார் 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தது 3,000-க்கும் குறைவு. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் 9 கன்றுகள் கோலாகங்சாருக்கு வந்தன, பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ தன் தோட்டத்தில் நட்டார். அந்த ஒன்பதில் மிஞ்சிய ஒன்று என்று சொல்லித்தான் அந்த மரத்தைக் காட்டுகிறார்கள். நம் பாட்டன், பாட்டியைக் கடல் தாண்ட வைத்தது அந்தக் கன்றுகளின் வாரிசுதான். அப்பா டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார். மகள் அது முளைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள் என்று பெரட்டுக் களத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

"இல்லப்பா, காசு செலவாகும்னு போகல" என்றேன்.

தஞ்சோங் மாலிம் வரும் வரை அவர் பேசவில்லை. அப்புறம் "போயிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான், அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நான் கியூவுக்குப் போனது 2009-இல், என் சொந்தச் சம்பளத்தில். அதைக் கேட்க அப்பா அப்போது இல்லை.

அதனால் உங்கள் மகள் கியூவுக்கு ஒரு நாள் போய் வர வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஷெஃபீல்டில் இருந்து லண்டனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பஸ் என்றால் நேரம் அதிகம், காசு குறைவு. தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அதே கியூவில்தான் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கிறது. நம் மலாயா காலனி ஆட்சியின் கடிதப் போக்குவரத்தெல்லாம் கட்டுக் கட்டாக அங்கே உண்டு, வாசகர் அட்டைக்குக் காசு இல்லை. தோட்டத் தொழிலாளியைப் பற்றி லண்டனுக்கு என்ன எழுதினார்கள் என்று ஒரு சட்ட மாணவி அங்கே உட்கார்ந்து படிக்கலாம். ராத்திரி ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் முருகனையும் கும்பிடலாம், தோசையும் சாப்பிடலாம்.

பாரிஸ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் பிரான்சுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அதனால்தான் பிள்ளைகளுக்கு அது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் தங்கும் செலவு, ரயிலோ விமானமோ, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் அது பஸ் ஏறி மலைக்குப் போகிற கணக்கு இல்லை. இங்கிலாந்தில் உடம்பு சரியில்லை என்றால் விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணத்தில் மருத்துவம் கிடைத்துவிடும். கடலைத் தாண்டினால் தனியாகப் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், திரும்பி வந்ததும் ஜனவரித் தேர்வு. அண்ணன் காசில் போகிறாள் என்றால் அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னும் டிக்கெட் வாங்கவில்லை என்றால் ஈஸ்டர் விடுமுறைக்கோ ஜூனில் தேர்வு முடிந்த பிறகோ தள்ளச் சொல்லுங்கள். தன் சொந்த உழைப்பில் டிக்கெட் வாங்கி முடித்துவிட்டாள் என்றால் போகட்டும். அந்தக் காசை வீணாக்கி யாருக்கும் லாபம் இல்லை. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கிளம்பும் முன் அவளுடைய இணைய விசாக் கணக்கில் இப்போதைய கடப்பிதழ் எண் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது கையில் அட்டை கொடுப்பதில்லை. எண் மாறியிருந்தால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ஆண் பிள்ளைகள் கூட இருக்கிறார்களே என்கிறீர்கள். இரண்டு வருடம் கோலாலம்பூரில் படித்தபோதும் வகுப்பில் ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். கூட்டமாகப் போவது தனியாகப் போவதைவிட நல்லது, குறிப்பாக மலைக்கு. யார் யார் போகிறார்கள் என்று பெயர் கேளுங்கள். பதறாமல் கேட்டால் அவளே சொல்லுவாள். பையில் டார்ச், மழைக்கோட், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி இருக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். போகும் பாதையைக் கூட இருப்பவர்களில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவசரம் என்றால் 999.

உங்கள் மகன் உங்களிடம் ஒரு வார்த்தையும் குறை சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. படங்களை அவனும் பார்த்திருப்பான். அவனிடம் தனியாகப் பேசுங்கள். தங்கை மேல் அவனுக்கு வருத்தம் இருந்தால் அதற்குத்தான் முதல் மதிப்பு, ஏனென்றால் உழைப்பு அவனுடையது. நாத்தனாருடைய வருத்தத்துக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுக்க மாட்டேன். மாதத்துக்கு இவ்வளவு என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு தொகை முடிவு செய்யட்டும். வாடகை, சாப்பாடு போக மிஞ்சியதில் மாதத்துக்கு ஒரு தூரப் பயணம் வைத்துக்கொள்ளலாம். மற்ற வாரங்களில் ஆசைப்பட்டால் பஸ் போகிற தூரம்.

வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் மல்லார்ட் என்று ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. 1938-இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது, இன்றுவரை எந்த நீராவி எஞ்சினும் அதை முந்தவில்லை. வாழ்நாளெல்லாம் ஸ்டீரிங் பிடித்தவர் அவர். "நீ யார்க் போனியே, அந்த எஞ்சினைப் பாத்தியா?" என்று அவரே மகளிடம் கேட்கட்டும். அப்பாவிடம் இருந்து அப்படி ஒரு கேள்வி வந்தால் அவள் அன்றோடு லைப்ரரிக் கதையை விட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பேசும்போது சேமநிதியையும் நகையையும் எடுக்காதீர்கள். அது அவளுக்கு மறந்திருந்தால்தானே நினைவூட்ட வேண்டும்? இப்படி ஆரம்பியுங்கள்: "நீ போன ஊர்ப் படமெல்லாம் பாத்தேன், நல்லாருக்கு. ஆனா அத்தை காட்டி நான் பாக்குற மாதிரி வெச்சுட்டியே. இனிமே எனக்கு முதல்ல அனுப்பு. எங்க போறேன்னு போறதுக்கு முன்னாடி சொல்லு." அவள் அழுவாள். அழட்டும். பாரிஸ் பேச்சை அன்றைக்கே எடுக்க வேண்டாம், இரண்டு நாள் கழித்து எடுங்கள்.

பேசும் நேரம் திங்கள் காலை 6 மணியாக இருந்தால் நல்லது. இப்போது அங்கே நம்மைவிட 8 மணி நேரம் பின்னால். நீங்கள் பெரட்டுக்குக் கிளம்பும்போது அங்கே ஞாயிறு இரவு 10. போன ஊரில் இருந்து திரும்பி, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்திருப்பாள், கதை எல்லாம் சூடாக இருக்கும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு உங்கள் 6 மணி அங்கே இரவு 11, திங்கள் வகுப்புக்காகப் படுத்திருப்பாள். அப்போது 5 மணிக்கே கூப்பிடுங்கள், எப்படியும் நீங்கள் எழுந்திருக்கிற நேரம்தானே.